கமலம்மாவுக்குச் சொல்ல வேண்டியது

சிவசங்கரியின் தொண்டை கெட்டுப்போய் நாலைந்து வருடம் ஆகியிருந்தது. வெயிலில் நின்று பெண்பிள்ளைகளைக் கத்திக் கத்தி ஓட வைத்ததில் குரல் நரம்பு தடித்துவிட்டது என்று திருப்பதி டாக்டர் சொன்னார். பேச்சைக் குறைக்கச் சொன்னார். டிரில் டீச்சர் பேச்சைக் குறைத்தால் எப்படி வேலை பார்ப்பது என்று அவள் கேட்டதற்கு, விசில் ஊதுங்கள் என்றார். விசிலையும் ஊதிப் பார்த்தாள். மூச்சு வாங்கியது.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திர ஊரான நகரியில் அவள் வேலை பார்த்த பெண்கள் ஹைஸ்கூலில் அந்த ஆகஸ்டு மாதக் கடைசியோடு அவள் ரிட்டயர் ஆக வேண்டும். கடைசி இரண்டு வருடங்களாக அவளுக்குப் பெரிதாக வேலையும் இல்லை. மைதானத்தில் பாதியைப் புது வகுப்பறைகள் எடுத்துக்கொண்டன. மீதிப் பாதியில் ஜல்லியும் மணலும் கொட்டிக் கிடந்தன. டிரில் பீரியடுகளை ஒவ்வொன்றாகக் கணக்கு டீச்சர் ருக்மணி கேட்டு வாங்கிக்கொண்டாள். ருக்மணி அதே பள்ளியில் படித்தவள், ஒரு காலத்தில் சிவசங்கரியின் கோ-கோ டீமில் ஓடியவள். "பத்தாவது ரிசல்ட் வரலன்னா கலெக்டர் ஆபீஸ்லருந்து போன் வருது டீச்சர்" என்பாள். முதலில் சிவசங்கரிக்குக் கோபம் வந்தது. பிறகு கோபப்படவும் அலுப்பாக இருந்தது. "எடுத்துக்கோம்மா" என்று விட்டுவிட்டாள்.

ஹெட்மாஸ்டர் ரங்கையா தெலுங்குக்காரர், நல்ல மனுஷர். ஒருநாள் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"மேடம், ஃபங்ஷன் கிராண்டா செய்யலாம்னு ஸ்டாஃப் எல்லாரும் நெனக்கிறாங்க. மீரு கடைசில ரெண்டு மாட்டலு செப்பாலி. நன்றி சொல்ற மாதிரி."

"ரெண்டு வார்த்த பேசக்கூட தொண்ட இல்லியே சார்."

"ரெண்டே மாட்டலு."

"எனக்கு மாலையெல்லாம் வேணாம் சார். எல்லாரும் சாப்ட்டு போனா போதும்."

"அதி குதரது மேடம்" என்று சிரித்தார் ரங்கையா. நடக்காது என்று அர்த்தம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, காலை வெந்நீர் வாளியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் புருஷன் ஆதிநாராயணன் ஆர்.டி.சி. பஸ்ஸில் கண்டக்டராக இருந்து அவளுக்கு முன்பே ஓய்வு பெற்றவர். ஊரில் நடக்கிற பிரிவுபசாரக் கூட்டங்கள் எல்லாவற்றுக்கும் போய் வந்திருந்ததால் அவருக்கு ஒழுங்கு முறை தெரியும்.

"மொதல்ல ஹெட்மாஸ்டருக்கு சொல்லணும். அப்பால டி.இ.ஓ.வுக்கு. அப்பால கூட வேல செஞ்சவங்களுக்கு. கடைசில எனக்கு" என்றார்.

"உங்களுக்கு எதுக்கு?"

"முப்பது வருசமா ராத்திரி சோத்த நானே போட்டு துன்னேனே, அதுக்கு."

அவள் சிரிக்க முயன்றாள், இருமல்தான் வந்தது. இருமல் அடங்கியதும் சொன்னாள்: "நான் சொல்லணும்னா கமலம்மாவுக்குத்தான் சொல்லணும்."

"எந்தக் கமலம்மா?"

"நெசவுத் தெரு கமலம்மா. ரோஹிணியோட அம்மா."

ஆதிநாராயணன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓ, அவங்களா" என்றார்.

சிவசங்கரி வேலைக்குச் சேர்ந்த முதல் பத்து வருடங்களில் ஒரு டீம் கூட அவளால் சேர்க்க முடியவில்லை. பிரேயருக்கு மணி அடிப்பது, வரிசையில் நிற்க வைப்பது, சுதந்திர தினத்துக்கு லெஃப்ட் ரைட் போட வைப்பது, இவ்வளவுதான் அவள் உத்தியோகம். பாவாடை கட்டிக்கொண்டு கோ-கோ ஆட முடியாது, தடுக்கி விழுவார்கள். நிக்கர் போட வேண்டும் என்று சொன்னால் அம்மாக்கள் பள்ளிக்கூடத்துக்கே சண்டைக்கு வந்தார்கள். "எங்க பொண்ணு தொடைய ஊருக்கே காட்டணுமா?" என்று ஒருத்தி மைதானத்தின் நடுவில் நின்று கேட்டாள். மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று சிவசங்கரி மனுப் போட்டிருந்தாள்.

தொண்ணூற்றிரண்டில் ஒருநாள் மதியம் நெசவுத் தெருவிலிருந்து கமலம்மா தன் பெண் ரோஹிணியைக் கையைப் பிடித்து மைதானத்துக்கே அழைத்து வந்தாள். "டீச்சரம்மா, இத சேத்துக்கோங்க. நிக்கரு போட்டா போடட்டும், ஜட்டி போட்டா போடட்டும், எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள். சுற்றியிருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். கமலம்மா திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். அடுத்த வாரத்துக்குள் அதே தெருவிலிருந்து இன்னும் ஐந்தாறு பெண்கள் வந்தார்கள். ருக்மணியும் அப்போது வந்தவள்தான். கமலம்மா பெண்ணே போகிறதாம் என்ற பேச்சு மற்ற தெருக்களுக்கும் போனது. ஒரு மாதத்தில் டீம் சேர்ந்துவிட்டது.

அந்த டீம் திருப்பதிக்குப் போய் இரண்டாவது இடம் வாங்கியது. அடுத்த வருடம் முதல் இடம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் நகரியிலிருந்து பெண்கள் ஏதாவது ஓர் ஊருக்குப் போய் ஓடினார்கள். நாலு பேர் ரயில்வேயிலும் போலீசிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போனார்கள். பெரும்பாலானவர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் கம்பெனி வேலைக்குப் போனார்கள். ரோஹிணியின் குடும்பமும் அவள் பத்தாவது முடித்த கையோடு திருப்பூருக்குப் போய்விட்டது. கமலம்மாவிடம் ஒரு வார்த்தை கூடச் சொல்ல முடியவில்லை. மாற்றல் மனுவை மட்டும் சிவசங்கரி திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"ருக்மணிக்கு அவங்க சொந்தம்தானே, கேட்டா தெரியாதா?" என்றார் ஆதிநாராயணன்.

ருக்மணிக்குத் தெரிந்திருந்தது. கமலம்மா இப்போது சத்தியவேட்டில் இருக்கிறாளாம். பக்கத்து ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் கம்பெனிகள் வந்த பிறகு ரோஹிணிக்கு அங்கே வேலை கிடைத்து, இரண்டு பேரும் திருப்பூரை விட்டு வந்துவிட்டார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிவசங்கரி தனியாகக் கிளம்பினாள். நகரியிலிருந்து புத்தூர், அங்கே பஸ் மாறி சத்தியவேடு. எலும்பு முறிவுக்குப் புத்தூர்க் கட்டுப் போட்டுக்கொண்டவர்கள் கழுத்தில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஏறினார்கள். எத்தனையோ பிள்ளைகளை அவளும் அந்தக் கட்டுக்கு அழைத்து வந்திருக்கிறாள். ஜன்னலோரம் கிடைத்தும் வெளியே பார்க்கத் தோன்றவில்லை. தலையைக் கம்பியில் சாய்த்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

சத்தியவேட்டில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டி விட்ட வாடகை அறைகளில் கடைசி அறை கமலம்மாவுடையது. முன்னால் தகரம் வேய்ந்து அடுப்பு போட்டிருந்தாள். பெரிய குண்டானில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஒடிசாவிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த பையன்களுக்கு அவள் சமைத்துப் போடுகிறாள் என்று பக்கத்து அறைக்காரி சொன்னாள். மூன்று நாலு பேர் தட்டோடு உட்கார்ந்து, "மௌசி, சோறு" என்று சித்தியைக் கூப்பிடுகிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கமலம்மா நிமிர்ந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். தலை முழுக்க வெளுத்திருந்தது. ஒரு கண்ணில் புரை.

"யாரு?"

"நான் சிவசங்கரி. நகரி டிரில் டீச்சர்."

"அய்யோ, டீச்சரம்மா!" கமலம்மா கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தாள். "இன்னா டீச்சரம்மா, கொரலு இப்படி ஆயிப்போச்சி? முனிசிபாலிட்டி சங்கு மாதிரி கத்துவீங்களே!"

"கத்தித்தான் போச்சி."

உட்கார நாற்காலி இல்லை. சிவசங்கரி கவிழ்த்து வைத்த அண்டாவின் மேல் உட்கார்ந்தாள். கமலம்மாவுக்கு வேலையை நிறுத்த முடியாது. பன்னிரண்டு மணி ஷிஃப்டுக்குப் போகிற பையன்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். எதிரே குவித்திருந்த வெங்காயத்தில் ஒரு பங்கை இழுத்து சிவசங்கரியும் உரிக்கத் தொடங்கினாள். கமலம்மா தடுத்துப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

கமலம்மாவின் புருஷன் திருப்பூரிலேயே இறந்துவிட்டான். ரோஹிணிக்கு அங்கேயே கல்யாணமாகி, அது சரிப்படாமல் போய், அம்மாவோடு வந்துவிட்டாள். இப்போது ஒரு கம்பெனியில் கான்டிராக்டில் பேக்கிங் வேலை. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து ஓ.டி.யும் பார்த்துவிட்டு வருவாள் என்று கமலம்மா பருப்பைக் கிண்டிக்கொண்டே சொன்னாள்.

பையன்கள் சாப்பிட்டுப் போன பிறகு சிவசங்கரி விஷயத்துக்கு வந்தாள்.

"நான் ரிட்டயர் ஆவறேன் கமலம்மா. அதுக்கு முன்னாடி உங்க கிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"இன்னா?"

"அன்னிக்கு நீங்க ரோஹிணிய கூட்டினு வந்து சேத்தீங்களே. அதுக்கப்புறம்தான் மத்தவங்கல்லாம் அனுப்புனாங்க. ஊரே பேசிச்சி, நீங்க தைரியமா நின்னீங்க. இல்லன்னா நான் அப்பவே ஊர உட்டுப் போயிருப்பேன். இத்தினி வருசம் நான் செஞ்ச வேலைக்கு நீங்கதான் காரணம். ரொம்ப நன்றி கமலம்மா."

பஸ்ஸில் ஏறுவதற்கு முன்பே மனதுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள். ஒரே மூச்சில் சொன்னதில் தொண்டை எரிந்தது.

கமலம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"தைரியமா? எங்க டீச்சரம்மா தைரியம்? ஊட்ல அரிசி இல்ல."

சிவசங்கரிக்குப் புரியவில்லை.

"அந்த வருசம் நூலு வெல ஏறிப்போச்சி, நெனவு கீதா? பாவு நூலு வாங்க முடியாம தெருவுல ஒரு தறி ஓடல. நூலு குடுத்து வேல வாங்கற மாஸ்டர் வீவருங்க எல்லாம் கைய விரிச்சிட்டாங்க. காலைல கூழு, ராவுக்கு ஒண்ணும் கெடையாது. அப்போ யாரோ சொன்னாங்க, ஸ்கூலுல வெளாட்டுக்கு சேர்ற பொண்ணுங்களுக்கு சாய்ந்தரம் சோறு போடுவாங்களாம், முட்ட கூட உண்டாம்னு. அதான் கூட்டினு வந்தேன். ஒரு வயிறு கொறையுமே."

சிவசங்கரி கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"அப்போ மத்தவங்க?"

"மத்தவங்களும் அதுக்குத்தான். நான்தான் போயி சொன்னேன், மெய்யாலுமே சோறு போட்றாங்க, அனுப்புங்கடின்னு. நிக்கரு பத்தி யாரு பேசனது அப்போ? வயிறார துன்னவங்கதான் பேசனாங்க."

அடுப்பில் விறகு சரிந்தது. கமலம்மா அதைத் தள்ளிவிட்டாள்.

சிவசங்கரிக்கு அந்தச் சோறு நன்றாக நினைவிருந்தது. அந்த வருடமாவது டீம் சேர்ந்தால் போடலாம் என்று பஜார் தெரு அரிசி மண்டிக்காரர் ஒருவரைப் போய்க் கெஞ்சி மூட்டை அரிசி வாங்கி வைத்திருந்தாள். மாலையில் ஓடிவிட்டுப் பசியோடு வீட்டுக்குப் போனால் அடுத்த நாள் ஓடக் கால் வராது என்று டிரெயினிங் காலேஜில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பத்து நாள் போடுவதாக ஆரம்பித்த சாப்பாடு, திருப்பதி போட்டி தள்ளிப்போனதால் இரண்டு மாதம் நீண்டது.

"எங்க பொண்ணுங்க பொழச்சதே அந்த சோத்துல தான்" என்றாள் கமலம்மா. "நன்றி சொல்லணும்னா நான்தான் உங்களுக்கு சொல்லணும். ஊர உட்டுப் போறப்ப சொல்லிகினு போலாம்னு பாத்தேன். நீங்க எங்கியோ மேட்சுக்கு பூட்டீங்க."

"எனக்கு ஒண்ணுமே தெரியாது கமலம்மா" என்றாள் சிவசங்கரி. "உங்க பசி எனக்குத் தெரியவே தெரியாது. அதுங்களுக்கு ஓடத் தெம்பு வரணும்னு போட்டேன். டீம் நிக்கணும்னு போட்டேன். வேற ஒண்ணும் யோசிக்கல."

"யோசிக்காம போட்டா மட்டும் வயிறு நெறையாதா?"

கீழே வைத்த வெங்காயத்தை சிவசங்கரி மறுபடி கையில் எடுத்தாள். கிளம்பும்போது இது வேறு மாதிரி இருக்கும் என்று சிவசங்கரி நினைத்திருந்தாள். இருபது வருடமாக ஒரு தைரியசாலியைத் தன் மனதில் வைத்திருந்தாள். டீம் தோற்கிறபோதும், மேலதிகாரி திட்டுகிறபோதும், கமலம்மா மைதானத்தை விட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனதை நினைத்துக்கொள்வாள். திரும்பிப் பார்த்திருந்தால் அழுதிருப்பாளோ என்னவோ. ஏமாற்றமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். ஏமாற்றம் இல்லை. உடம்பு மட்டும் திடீரென்று கனத்துப் போயிருந்தது.

"இத நான் மேடைல சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"சொல்லுங்களேன். பசிக்கு இன்னா வெக்கம்? தைரியசாலின்னு மட்டும் சொல்லிடாதீங்க. அப்புறம் பாக்கறவன் எல்லாம் இன்னும் கொஞ்சம் தைரியமா இரு கமலம்மான்னு சொல்வான். என்னால முடியாது."

அப்போது ரோஹிணி வந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. டீமிலேயே வேகமாக ஓடியவள் அவள். இப்போது பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வந்தாள். "மேடம்!" என்று சொல்லி சிவசங்கரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது. ஏ.சி.யில் ராத்திரி முழுக்க நின்றிருக்கிறாள்.

டீச்சரம்மா ரிட்டயர் ஆகிறார், அதற்கு விழா வைக்கிறார்கள் என்று கமலம்மா சொன்னாள்.

"ஃபங்ஷனுக்கு வரணும்னு ஆசதான் மேடம். லீவு கேட்டா கான்டிராக்டர் லிஸ்ட்லருந்து பேர எடுத்துடுவான்."

"பரவால்லம்மா. சாப்டு மொதல்ல."

கமலம்மா சோறு போட்டுக் கொடுத்தாள். ரோஹிணி சுவரில் சாய்ந்துகொண்டு இரண்டு வாய் சாப்பிட்டாள். யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டாள். தன் டிரில் பீரியடை எல்லாம் ருக்மணி வாங்கிக்கொண்டாள் என்றதும், "அவளா? அவளுக்கு குந்தி எந்திரிக்கவே வராதே" என்று சிரித்தாள். சிவசங்கரி வேறொருத்தியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரோஹிணியின் தலை சாய்ந்தது. கை தட்டிலேயே இருந்தது. கமலம்மா தட்டை மெதுவாக இழுத்து, பெண்ணின் கையை ஈரத் துணியால் துடைத்து, தலையணையை முட்டுக் கொடுத்தாள். அவளை எழுப்பாமலே சிவசங்கரி விடைபெற்றாள்.

"நீங்களாவது வாங்க கமலம்மா."

"பசங்களுக்கு யாரு பொங்குவா? பாக்கறேன்."

விழா நாளன்று மழை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. ஷாமியானா போட்டிருந்தார்கள். மாலை, சால்வை, வெள்ளி முலாம் பூசிய பெருமாள் படம், எல்லாம் உண்டு. ரங்கையா தெலுங்கில் நீளமாகப் பேசினார். மண்டல அதிகாரி அதைவிட நீளமாகப் பேசினார். விளையாட்டினால் ஒழுக்கம் வளர்கிறது என்றும், பெண்கள் டீம் சேர்ந்தது மேடத்தின் திறமை என்றும் இரண்டு பேரும் சொன்னார்கள். பிள்ளைகள் மணலில் உட்கார்ந்து நெளிந்துகொண்டிருந்தார்கள். சால்வைக்குள் வியர்த்து, நாற்காலியில் முதுகு வலித்து, எப்போது முடியும் என்றுதான் சிவசங்கரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் முறை வந்ததும் மைக்கை வாய்க்கு ஒட்ட வைத்துக்கொண்டாள். தெலுங்கில் எல்லோருக்கும் நமஸ்காரம் சொன்னாள். ஆதிநாராயணன் சொல்லிக் கொடுத்த வரிசைப்படி ஹெட்மாஸ்டருக்கும் அதிகாரிகளுக்கும் கூட வேலை செய்தவர்களுக்கும் நன்றி சொன்னாள். அவருக்கும் சொன்னாள். முன்வரிசையில் அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தமிழுக்கு மாறினாள்.

"இந்த ஸ்கூலுல மொதல்ல பொண்ணுங்க டீம் சேந்தது தொண்ணூத்தி ரெண்டுல. அது என் திறமன்னு இவங்கல்லாம் இப்போ சொன்னாங்க. நான் வேற மாதிரி நெனச்சிகினு இருந்தேன். ரெண்டும் இல்ல. தறி நின்னு போயி, ஊட்ல சோறில்லாத அம்மாங்க, இங்க சாய்ந்தரம் சோறு போட்றாங்கன்னு பொண்ணுங்கள அனுப்புனாங்க. எனக்கு அது தெரியாது. போன ஞாயித்துக்கெழமதான் தெரிஞ்சிது. பசியோட வந்து எனக்காக ஓடுன அந்தப் பொண்ணுங்களுக்கு நன்றி. அனுப்புன அம்மாங்களுக்கு நன்றி. மொதல்ல அனுப்புனவங்க பேரு கமலம்மா. அரிசி குடுத்த மண்டிக்காரர் இப்போ இல்ல, அவருக்கும் நன்றி."

அதற்கு மேல் குரல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். கை தட்டுவதா வேண்டாமா என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை. ரங்கையா முதலில் தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

கீழே இறங்கும்போது ருக்மணி பக்கத்தில் வந்தாள். கணக்கு டீச்சரின் முகம் சிவந்திருந்தது.

"எங்க ஊட்லயும் அதான் டீச்சர். எனக்குத் தெரியும். முட்டைய பாதி துன்னுட்டு, பாதிய ஜாமெண்ட்ரி பாக்ஸ்ல வெச்சி தம்பிக்கு எடுத்துனு போவேன். எங்கம்மா சாவற வரிக்கும் யாருகிட்டயும் சொல்லல."

சிவசங்கரி அவள் தோளைத் தட்டினாள்.

சாப்பாடு முடிந்து, அதிகாரியின் ஜீப் போய், நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் கமலம்மா வந்தாள். பையன்களுக்கு மதியச் சோறு போட்டுவிட்டு, புத்தூரில் பஸ்ஸைத் தவறவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தாள். நல்ல புடவை ஒன்று கட்டியிருந்தாள். ஒரு கையில் செருப்பு. வார் அறுந்திருந்தது.

"எல்லாம் முடிஞ்சி போச்சா?"

சிவசங்கரி தலையாட்டினாள். ஆதிநாராயணன் ஓடிப்போய் அண்டாவில் மிச்சமிருந்த சாம்பார் சாதத்தை வழித்து இரண்டு தட்டில் கொண்டு வந்தார். வராந்தாவில் தூணோரமாக இரண்டு பேரும் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். சிவசங்கரி அதுவரை சாப்பிட்டிருக்கவில்லை. சாதம் ஆறிப்போயிருந்தது. கமலம்மா ஒரு வாய் போட்டுப் பார்த்து, "உப்பு கம்மி" என்றாள். ஆனாலும் தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்" என்றாள் சிவசங்கரி. காற்று மாதிரிதான் வந்தது.

"யாராவது இன்னாவாவது சொன்னாங்களா?"

இல்லை என்று கையை அசைத்தாள். பிறகு ருக்மணி இருந்த பக்கம் காட்டினாள். கமலம்மா புரை விழுந்த கண்ணைச் சுருக்கி அந்தப் பக்கம் பார்த்தாள். ருக்மணி நாற்காலிகளை எண்ணி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்போ சரி" என்றாள் கமலம்மா. தூணில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "நாளைலருந்து இன்னா பண்ணப் போறீங்க டீச்சரம்மா?"

சிவசங்கரி யோசித்தாள். இந்தக் கேள்வியைக் காலையிலிருந்து எத்தனையோ பேர் கேட்டார்கள். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வேன், காசிக்குப் போவேன் என்று ஏதேதோ சொல்லி வைத்திருந்தாள்.

"தூங்கப் போறேன்."

"தூங்குங்க" என்றாள் கமலம்மா. "எனக்கு நாலு மணிக்கு பஸ்ஸு. அது வரிக்கும் நானும் கொஞ்சம் கண்ண மூடறேன்."

ஆதிநாராயணன் தட்டுகளை எடுக்க வந்தபோது இரண்டு பேரும் தூணின் இரண்டு பக்கமும் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் சத்தம் போடாமல் தட்டுகளை எடுத்துக்கொண்டு, குழாயடிக்குப் போய் அலம்ப ஆரம்பித்தார்.